பெண்கள் கிரிக்கெட் கிளப் தொடங்க 11 பேரும் ஒரு கிட்டும் போதுமா?

ஜனவரி 4, காலை – கேள்வி

நவம்பரில் உலகக் கோப்பை ஃபைனல் பார்த்த சூட்டோடு தாம்பரம் பக்கம் நாங்க 11 பேர் சேர்ந்துட்டோம். ஆறு பேர் காலேஜ், மூணு பேர் வேலைக்குப் போறவங்க, ரெண்டு பேர் பத்தாவது. ஏரியா பசங்க டீம் அவங்களோட பழைய கிட் பேக்கைத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. மேட்டிங் கிரவுண்டு (பிட்ச் மேல பாய் விரிச்சு ஆடுறது) ஞாயித்துக்கிழமை காலையில கிடைக்குது. இந்த மாசக் கடைசியிலயே ஒரு டோர்னமென்டுக்குப் பேர் கொடுக்கப் போறோம். இது போதும்தானே? கிளப் நடத்துற அக்காக்கள் சொல்லுங்க.

ஜனவரி 4, இரவு – பதில்

போதாது. டோர்னமென்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.

பதினொரு பேர் பட்டியலில் இருந்தால் ஞாயிறு காலை ஆறரைக்கு வந்து நிற்பது எட்டு பேர். ஒருவருக்கு மறுநாள் செமஸ்டர், ஒருவர் வீட்டில் வளைகாப்பு, ஒருவரை அப்பா அனுப்ப மாட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லா கிளப்பிலும் இதே கதைதான். 11 பேரை இறக்க 16 பேர் வேண்டும். அதில் கீப்பர் இரண்டு பேர், நான்கு ஓவர் முழுதாகப் போடக்கூடியவர்கள் ஆறு பேர். இருபது ஓவருக்கு ஐந்து பவுலர் போதும்தான். ஆனால் ஒருவர் முதல் ஓவரிலேயே ஐந்து வைடு (பேட்டருக்கு எட்டாமல் விலகிப் போகும் பந்து) போட்டு முகம் வாடி நின்றால், ஆறாவது ஆள் இல்லாத கேப்டன் அவரிடமே மறுபடி பந்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பேக்கில் எதை எடுக்கலாம் என்று தனியாக எழுதுகிறேன். பந்தை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். ஆண்கள் பந்து 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவு 21 முதல் 22.5 செ.மீ. பதினைந்து கிராம்தானே என்று தோன்றும். ஆனால் சின்னக் கையில் தையல் மேல் இரண்டு விரல் சரியாக உட்காராது, பந்து உள்ளங்கைக்குள் இறங்கிவிடும், வீசும்போது சீக்கிரம் கழன்று தலைக்கு மேல் போகும். 'இந்தப் பொண்ணுக்கு பவுலிங் வராது' என்று ஒதுக்கப்பட்ட பலருக்குப் பந்தை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். கடையில் வாங்கும்போது பந்து மேலோ டப்பா மேலோ 142 என்று கிராம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 156 என்றால் ஆண்கள் பந்து. ஒன்றுமே இல்லையென்றால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 9

கிட் பேக். ஒவ்வொன்றாக.

பேட்: பசங்க பேட் பெரும்பாலும் 1,180 கிராமுக்கு மேல் இருக்கும், காஷ்மீர் வில்லோ மரம் என்றால் இன்னும் கனம். உங்களுக்கு 1,020 முதல் 1,090 வரை பாருங்கள். ஐந்தடி இரண்டு அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்கு 6-ஆம் சைஸ், அதற்கு மேல் ஐந்தடி ஆறு வரை ஹாரோ சைஸ், இன்னும் உயரமானவர்களுக்கு ஷார்ட் ஹேண்டில் (பெரியவர்கள் சைஸ்). உயரத்தை விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. மேல் கையால் மட்டும் கைப்பிடியைப் பிடித்து, கையை முன்னால் நீட்டி, பேட்டைத் தரைக்கு இணையாக 15 விநாடி வையுங்கள். முனை கீழே தொங்கினால் அந்தப் பேட் வேண்டாம். கனமான பேட்டில் ஆடுபவர் அடிக் கையாலேயே இழுப்பார், நேராக ஆட வேண்டியதெல்லாம் மிட்விக்கெட்டில் கேட்ச் ஆகும்.

கால் பேட்: ஆளின் உயரம் பார்க்க வேண்டாம். முட்டிச் சில்லின் நடுவிலிருந்து பாதத்தின் மேல்மேடு வரை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். முட்டிக்கான மடிப்பு முட்டிக்கு நேராக இருக்க வேண்டும். தொடை வரை ஏறும் பேட் கட்டி இரண்டாவது ரன் ஓட முடியாது, அதனாலேயே ரன் அவுட் ஆவார்கள். 'யூத்' சைஸ் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும்.

ஹெல்மெட்: பழையது வேண்டாம். அது எத்தனை முறை அடி வாங்கியது என்று உங்களுக்குத் தெரியாது, உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. புதிதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று ஸ்மால், ஒன்று மீடியம். வாங்கும்போது பெண்கள் பந்தைக் கையோடு கொண்டுபோய், முகக்கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். பந்து உள்ளே நுழையக் கூடாது. ஆண்கள் பந்து நுழையாத இடைவெளியில் பெண்கள் பந்து நுழைந்துவிடும், அது சிறியது. அடுத்து, கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டாதீர்கள். பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் கண்ணை மறைக்கும். கழுத்துக்குக் கீழே தாழ்வாக ஒற்றைப் பின்னல், அவ்வளவுதான்.

கிளவுஸ்: விரல் நுனியில் அரை செ.மீ.க்கு மேல் காலியாக இருந்தால் பிடி நழுவும். கீப்பர் கிளவுஸ் கீப்பருடைய சொந்தப் பொருளாக இருப்பது நல்லது.

தொடை கார்டு, எல்போ கார்டு இவையெல்லாம் பசங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம். பெண்களுக்கான செஸ்ட் கார்டும் பெல்விக் கார்டும் தனியாகக் கிடைக்கின்றன. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், மேட்டிங்கில் பந்து எழும்பும்.

ஜனவரி 10

"புது பேட்டுக்கு எண்ணெய் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பச்சை ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன், துணியில் தொட்டு முகப்பிலும் ஓரத்திலும் மெல்லிசாக. கைப்பிடி பிளேடில் செருகியிருக்கும் முக்கோண இடத்தில் படக் கூடாது, ஒட்டுப்பசை இளகும். ஒரு நாள் படுக்க வைத்து இன்னொரு தடவை. முகப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியே வந்திருந்தால் எண்ணெயே வேண்டாம். பிறகு மரச் சுத்தியலால் நாலைந்து மணி நேரம், அதுவும் ஒரே நாளில் இல்லாமல். ஓரங்களை 45 டிகிரி சாய்வில் மெதுவாகத் தட்டி உருட்ட வேண்டும். எட்ஜ் பட்டு பேட் பிளப்பது அங்கேதான்.

ஜனவரி 18

மேட்டிங் பற்றிக் கேட்டதற்கு விரிவாகவே எழுதுகிறேன். முதல் மாதத்தில் உங்கள் கிளப்பை வாழவைப்பதும் கெடுப்பதும் அந்தப் பாய்தான்.

விரிப்பதற்கு முந்தின மாலை அடியில் இருக்கும் மண்ணில் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டச் சொல்லுங்கள். காலையில் கல், சிப்பி, பழைய ஆணி எல்லாம் பொறுக்கிய பிறகு விரிக்க வேண்டும். ஒரு முனையை முதலில் முழுதாக ஆணி அடித்து இறுக்கிவிட்டு, மறுமுனையை நான்கு பேர் சேர்ந்து உட்காருவது போல் பின்னால் சாய்ந்து இழுத்து, இழுத்த நிலையிலேயே அடிக்க வேண்டும். பக்கவாட்டு ஆணிகள் கடைசியில், ஓரடிக்கு ஒன்று. பலர் பக்கவாட்டை முதலில் அடித்துவிட்டு நடுவில் சுருக்கம் விழுந்து தவிப்பார்கள். சுருக்கத்தில் விழும் பந்து ஒன்று உருளும், ஒன்று தாடைக்கு வரும்.

ஆணித் தலை பாயின் மேற்பரப்புக்குக் கீழே புதையும் வரை அடிக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ஒரு ஆணி போதும், டைவ் அடித்த பெண்ணின் முட்டியைக் கிழிக்க. பவுலர் கால் ஊன்றும் முனையில் பாயின் விளிம்பு மடங்கித் தூக்கிக்கொள்ளும், கணுக்கால் சுளுக்கு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விளிம்பை அரையடி மண்ணில் புதைத்து மேலே மண் அள்ளிப் போட்டு மிதியுங்கள். ஷூவில் ஸ்பைக்ஸ் வேண்டாம், ரப்பர் ஸ்டட் போதும்.

தேங்காய் நார்ப் பாயில் பந்து புல்தரையை விட உயரமாக எழும், நன்றாகத் திரும்பும். ஐந்தடி உயரப் பேட்டருக்கு இடுப்புக்கு வர வேண்டிய பந்து மார்புக்கு வரும். அதனால் பவுலர்களிடம் பந்து குத்த வேண்டிய 'குட் லென்த்' என்று டிவியில் காட்டும் இடத்தைச் சொல்லாதீர்கள். பேட்டர் பக்க ஸ்டம்பிலிருந்து 3 முதல் 5 மீட்டருக்குள் கோன் வைத்து அங்கே போடச் சொல்லுங்கள். ஸ்பின்னர் இருந்தால் விடாதீர்கள். மேட்டிங்கில் ஒரு ஒழுங்கான ஆஃப் ஸ்பின்னர் இரண்டு மீடியம் பேஸருக்குச் சமம்.

ஜனவரி 19

நேற்று விட்டுப்போனது. பாய் அகலம் 6 அடி என்றால் ஒரு சௌகரியம் உண்டு. ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஆஃப் பக்கம் வைடுக்கான கோடு நடு ஸ்டம்பிலிருந்து 89 செ.மீ. ஆறடிப் பாயின் ஓரம் நடுவிலிருந்து 91 செ.மீ. ஆக, பாயின் ஓரமே உங்கள் வைடு கோடு. அம்பயருக்கு வாக்குவாதம் மிச்சம். எட்டடிப் பாயாக இருந்தால் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 2

வைடு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் புது பெண்கள் அணியின் ஆட்டத்தை மூன்று மணி நேரத்திலிருந்து நாலரைக்கு இழுப்பது இதுதான். ஒரு இன்னிங்ஸில் 30 வைடு போனால் ஐந்து ஓவர் கூடுதலாக வீசியிருக்கிறீர்கள். எதிரணிக்கு 30 ரன் இலவசம், உங்கள் ஃபீல்டர்களுக்கு வெயில் இலவசம்.

காரணம் முக்கால்வாசி நேரம் ஓட்டத்தில்தான் இருக்கும், கையில் இருக்காது. ஒரு நாள் பத்து காலடி, மறுநாள் பதின்மூன்று காலடி ஓடிவந்து கிரீஸுக்கு முன்னால் தடுமாறி, தலை இடது பக்கம் சாய, பந்து லெக் பக்கம் போகும். டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பவுலருக்கும் எத்தனை அடி என்று நோட்டில் எழுதி வையுங்கள். புதியவர்களுக்கு ஐந்து அல்லது ஏழு காலடி போதும். கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்தாலும் கால் அதே இடத்தில் விழும் வரை பந்தே கொடுக்காமல் ஓடவிடுங்கள், பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஸ்டம்ப் மட்டும் நட்டு, பேட்டர் இல்லாமல் ஆளுக்கு 24 பந்து. நோட்டில் 24-க்கு எத்தனை ஸ்டம்புக்கு நேர் என்று எழுதுங்கள். பதினாறு வந்தால் அவர் மேட்ச் பவுலர்.

வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் யாரையும் வேகமாகப் போடவிடாதீர்கள், அடுத்தடுத்த நாள் வேண்டவே வேண்டாம். வளரும் வயதுப் பெண்களுக்கு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எலும்பு மெல்லிசாக விரியும் காயம் வரும். முதலில் ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னால் வளைந்தால் அதிகம். "தைலம் தேய்த்தால் போய்விடும்" என்று போடவிட்டால் ஆறு மாதம் ஆட்டம் போகும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பழக்கமும், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவதைச் சொல்லாமல் மறைப்பதும் இந்தக் காயத்தோடு சேர்ந்தே வரும். கோச் ஆணாக இருந்தால் இதைக் கேட்கவும் சொல்லவும் அணியில் ஒரு அக்கா பொறுப்பில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

பத்தாவது படிக்கும் இருவரும் பெண்கள் பந்திலேயே பழகலாம். 133 முதல் 144 கிராம் வரையுள்ள ஜூனியர் பந்து 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. யாருடைய தங்கையாவது வந்தால் அதை வாங்குங்கள்.

பிப்ரவரி 22

முதல் நட்பு ஆட்டம் அடுத்த வாரமாமே. சில ஏற்பாடுகள்.

எல்லை: மைதானத்தில் பசங்களுக்காகப் போட்ட எல்லையிலேயே ஆடாதீர்கள். சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில் எல்லை 60 முதல் 70 கஜம், மீட்டரில் சுமார் 55 முதல் 64. உங்களுக்கு 45 மீட்டர் போதும். காரணம் அடிக்கும் பலம் இல்லை, எறியும் தூரம். அறுபது மீட்டரிலிருந்து கீப்பர் கைக்கு எறியக்கூடியவர் உங்கள் அணியில் இப்போது ஒருவர் இருந்தாலே பெரிது. மற்றவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். நடுவில் ஒருவரை நிறுத்தி மாற்றி எறியப் பழக்குங்கள்.

உள்வட்டம்: பசங்களுக்கு 27.43 மீட்டர், பெண்களுக்கு 23 மீட்டர். 23 மீட்டர் கயிறு ஒன்று வெட்டி கிட் பேக்கில் நிரந்தரமாக வையுங்கள். ஒவ்வொரு பக்க நடு ஸ்டம்பிலும் கயிற்றின் முனையைப் பிடித்து அரைவட்டம், இரண்டு அரைவட்டத்தையும் நேர்க்கோட்டால் இணைக்க வேண்டும். பவர்பிளே (ஃபீல்டர் கட்டுப்பாடு அதிகமான தொடக்க ஓவர்கள்) முடிந்த பிறகு டி20-இல் பெண்களுக்கு வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர் நால்வர்தான், ஆண்களுக்குத்தான் ஐவர். உள்ளூர் அம்பயர்கள் பழக்கதோஷத்தில் ஐந்து விடுவார்கள், டாஸுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நட்பு ஆட்டத்துக்கு மட்டும்: ஒரு ஓவருக்கு அதிகபட்சம் எட்டுப் பந்து, வைடுக்கு இரண்டு ரன், கடைசி ஓவரில் மட்டும் ஆறு சரியான பந்து வரும்வரை. இரண்டு அணியும் ஒப்புக்கொண்டால் போதும்.

ஸ்லிப் வைக்காதீர்கள். அந்த ஆளை கீப்பருக்குப் பின்னால் லாங் ஸ்டாப்பில் நிறுத்துங்கள். கீப்பர் மீடியம் பேஸுக்கும் ஸ்டம்பை ஒட்டி நிற்கப் பழகட்டும், ஹெல்மெட்டோடு. பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் அவருக்கு வேண்டும். மற்றபடி ஆழத்தில் மிட்விக்கெட், ஸ்கொயர் லெக். உங்கள் மட்டத்தில் பத்தில் ஏழு ஷாட் அந்தப் பக்கம்தான் வரும்.

பிப்ரவரி 24

லாங் ஸ்டாப் வைப்பது 'கேவலம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேட்டிலும் உடம்பிலும் படாமல் கீப்பரைத் தாண்டி எல்லைக்குப் போகும் ஒரு 'பை' நான்கு ரன். ஆறு பை போனால் 24. இருபது ஓவரில் 90 அடிக்கும் அணிகளுக்கு நடுவே அதுதான் ஆட்டம். கீப்பர் தேறியதும் எடுத்துவிடலாம்.

மார்ச் 8

மார்ச்சில் ஆட்டமே வைக்காதீர்கள். பன்னிரண்டாவது, பத்தாவது தேர்வு, காலேஜ் இன்டர்னல். வெயில் ஏறுவதற்கு முந்தைய நல்ல மாதம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் வருத்தம்தான். ஆனால் இந்த மாதம் கட்டாயப்படுத்தினால் ஏப்ரலில் வீட்டிலிருந்து அனுப்பவே மாட்டார்கள். வேலைக்குப் போகும் மூவரை வைத்து கேட்சிங்கும் கீப்பிங்கும் நடக்கட்டும்.

ஏப்ரல் 19

வெயில். காலை 6:30-க்கு முதல் பந்து. ஒரு இன்னிங்ஸ் 90 நிமிடம், இடைவேளை 15, அப்படியென்றால் 9:45-க்கு முடியும். பத்து மணிக்கு மேல் ஒரு ஓவர்கூட வேண்டாம், மீதி இருந்தால் ஓவரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஓவருக்கு ஒருமுறை தண்ணீர். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று அரை லிட்டரில் கலக்கக் கூடாது, வயிற்றைப் புரட்டும்.

ஒரு ஃபீல்டர் பேச்சு குழறினாலோ, சொன்னது புரியாமல் நின்றாலோ, வியர்வை நின்று தோல் சூடாக இருந்தாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் கிடத்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயக்க நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மே 10

உடை பற்றி ஒரு தங்கை தனிச்செய்தியில் கேட்டதைப் பெயர் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன், எல்லோருக்கும் வேண்டியது.

வெள்ளை பேன்ட் வேண்டாம். கருநீலமோ கறுப்போ டிராக் பேன்ட். மாதவிடாய் நாளில் ஸ்லைடு அடிக்கப் பயந்து பந்தை விடுகிற ஃபீல்டரை "சோம்பேறி" என்று கத்துவார்கள், அவர் என்ன பயத்தில் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கிட் பேக்கின் பக்க ஜிப்பில் நாப்கின், உள்ளாடை ஒன்று, பழைய நியூஸ்பேப்பர், ஒரு கருப்பு கவர் எப்போதும் இருக்கட்டும். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி.

கலர் உடை என்றால் வெள்ளைப் பந்து வேண்டுமே என்று அடுத்த கேள்வி வரும். தேவையில்லை. செம்மண்ணிலும் நார்ப் பாயிலும் வெள்ளைப் பந்து பத்து ஓவரில் அழுக்கேறி மண்ணோடு மண்ணாகிவிடும், சைட் ஸ்கிரீனும் (பவுலருக்குப் பின்னால் வைக்கும் திரை) கறுப்பில் வேண்டும். கருநீல உடை, சிவப்புப் பந்து. பார்க்க டிவி மாதிரி இருக்காது, ஆனால் கண்ணுக்குப் பந்து தெரியும்.

மைதானம் பதிவு செய்யும் முன் ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஒருவர் நேரில் போய்ப் பாருங்கள். கழிவறை அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா, உள் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. சாவி யாரிடம், அவர் போன் நம்பர் என்ன. மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கழிவறை இல்லாத மைதானத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் ஆடுவார்கள். ஏப்ரல் 19-இல் நான் எழுதிய தண்ணீர்க் கணக்கெல்லாம் அப்போது வெறும் எழுத்து. பிட்ச் சுமாராக இருந்தாலும் கழிவறை உள்ள மைதானத்தை எடுங்கள்.

மே 11

அம்மா அப்பாவிடம் பேசுவது பற்றி: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின வியாழனுக்குள் மைதானம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், யாரோடு திரும்புவார் என்று நான்கு வரிச் செய்தி வீட்டுக்குப் போக வேண்டும். முடியும் நேரத்தை அரை மணி தள்ளியே எழுதுங்கள். ஒரு தடவை சொன்ன நேரத்துக்கு முன்னால் வீடு சேர்ந்தால் அடுத்த ஆட்டத்துக்குக் கேட்க வேண்டியதே இல்லை.

ஜூன் 14

டோர்னமென்டுக்குப் போகிறீர்கள், சந்தோஷம். 17 பேர் ஆகிவிட்டார்கள் என்பது அதைவிடச் சந்தோஷம். சேரும் முன் விதித் தாளை எழுத்தில் வாங்குங்கள். பந்து எந்த எடை (சிலர் 'பெண்கள் டோர்னமென்ட்' என்று சொல்லி 156 கிராம் பந்தை நீட்டுவார்கள்), குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் ஆட்டம், சமன் ஆனால் என்ன, நெட் ரன் ரேட் எப்படி.

நெட் ரன் ரேட்டில்தான் (ஓவருக்கு நீங்கள் எடுத்த ரன்னிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்தது) சண்டை வரும். இரண்டு தவறு எல்லா இடத்திலும் நடக்கும். 16.3 ஓவர் என்பது கணக்கில் 16.3 இல்லை, மூன்று பந்து அரை ஓவர், எனவே 16.5. நீங்கள் 20 ஓவரில் 120, எதிரணி 16.3 ஓவரில் 121 என்றால் உங்கள் ரேட் 6, அவர்கள் ரேட் 121-ஐ 16.5-ஆல் வகுத்தால் 7.333, உங்கள் நெட் ரன் ரேட் கழித்தல் 1.333. இரண்டாவது, ஆல் அவுட் ஆன அணிக்கு ஆடிய ஓவரை எடுக்கக் கூடாது, முழு 20 ஓவரையும் எடுக்க வேண்டும். 14 ஓவரில் 84-க்கு ஆல் அவுட் என்றால் ரேட் 6 இல்லை, 4.2.

ஸ்கோர் செயலியில் போட்டாலும் ஒருவர் நோட்டிலும் எழுதட்டும். போன் சார்ஜ் பதினைந்தாவது ஓவரில்தான் தீரும். இன்னிங்ஸ் முடிந்ததும் சரிபார்க்க: பேட்டர்கள் ரன் கூட்டல் உதிரிகள் (எக்ஸ்ட்ராஸ்), இன்னொரு பக்கம் பவுலர்கள் கொடுத்தது கூட்டல் பை, லெக் பை. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லையென்றால் வைடையோ நோபாலையோ பவுலர் கணக்கில் எழுத மறந்திருப்பீர்கள், முதலில் அங்கே தேடுங்கள்.

ஜூன் 21

தலையில் அடிபட்ட கீப்பரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்ப இறக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யவே கூடாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது, தலைசுற்றலும் வாந்தியும் சில மணி நேரம் கழித்தும் வரும். அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தனியாக வீட்டுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த ஹெல்மெட்டையும் உடைத்துப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாமல்.

ஜூலை 12

மாவட்ட அணித் தேர்வுக்கு உங்களில் இருவர் போகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் அசல், ஆதார், பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்கூட சிக்கல் வரும். 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதும் பார்ப்பார்கள்.

தேர்வில் ஆளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பந்துதான் கிடைக்கும். முதல் மூன்றை சூடேற்றிக்கொள்ள வீணாக்கக் கூடாது. வலைக்குப் பின்னால் தனியாகப் பத்துப் பந்து போட்டுவிட்டு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

அவர்கள் போனால் கிளப் என்ன ஆகும் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். சந்தோஷமாக அனுப்புங்கள். சுதா ஷா சென்னையிலிருந்து போய் இந்தியாவுக்காக 21 டெஸ்ட் ஆடினார், அப்போது பெண்கள் கிரிக்கெட்டைத் தனிச் சங்கம் நடத்தியது, இந்திய கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது 2006-இல்தான். திருஷ் காமினி 2013-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடித்த 100, உலகக் கோப்பையில் ஒரு இந்தியப் பெண்ணின் முதல் சதம். தமிழ்நாட்டுக் கமலினியை 16 வயதில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. உங்கள் இருவர் திரும்பி வந்து வலையில் நின்றால் மற்ற பதினைந்து பேரும் தேறுவார்கள்.

ஆகஸ்ட் 30

மாலை இடிமழைக் காலம். மழையால் ஓவர் குறைந்தால் இலக்கை மாற்றும் டக்வர்த் லூயிஸ் கணக்கெல்லாம் உங்களால் போட முடியாது. டாஸுக்கு முன் ஒப்புக்கொள்ளுங்கள்: குறைந்தது ஐந்து ஓவர் ஆடினால்தான் முடிவு, இலக்கு சராசரி ரன் ரேட்டில். இது துரத்துகிறவர்களுக்குச் சாதகம்தான், பத்து விக்கெட்டும் கையில் வைத்துக்கொண்டு குறைந்த ஓவர் ஆடுவார்கள். வானம் கறுத்திருந்தால் டாஸ் வென்று ஃபீல்டிங் எடுங்கள். இடி கேட்டால் ஸ்டம்பைப் பிடுங்க ஓடாதீர்கள், முதலில் ஆட்களைக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். மரத்தடி கூடாது.

அக்டோபர் 11

வடகிழக்குப் பருவமழை வருகிறது, டிசம்பர் நடுப்பகுதி வரை மைதானம் கிடைக்காது. பேக்கை மூடி மூலையில் வைக்கும் முன்: கால் பேட், கிளவுஸ், ஹெல்மெட் உள் பஞ்சு எல்லாவற்றையும் இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் கிளவுஸ் தோல் பாளம் பாளமாக வெடிக்கும். பூஞ்சை வந்தால் வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள். பேட்டைச் சிமென்ட் தரையில் நிறுத்தினால் முனை ஈரம் இழுத்து ஊதும், மரப்பலகை மேல் வையுங்கள்.

பாயைக் குச்சியால் அடித்து மண் உதிர்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு பி.வி.சி. குழாயில் சுருட்டுங்கள். மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த இடம் ஜனவரியில் எழும்பி நிற்கும். செங்கல் மேல் தூக்கி வைத்து, மாதம் ஒருமுறை அடியில் பாருங்கள், கரையான் ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

மழையில் மொட்டை மாடியிலோ கல்யாண மண்டபத்திலோ கேட்சிங் நடக்கும். டென்னிஸ் பந்தில் உயர கேட்ச், சுவரில் அடித்துத் திரும்பும் பந்து. வாரம் இரு நாள் வந்தால் ஜனவரியில் தெரியும்.

டிசம்பர் 20

ஜனவரியில் 16 பேர் என்று எழுதியிருந்தேன். உங்கள் ஆண்டைப் பார்த்த பிறகு 18 என்று மாற்றுகிறேன். மாவட்ட அணித் தேர்வுக்கு இருவர் போவார்கள் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கீப்பரும் இருவர் போதாது, மூன்றாவது ஒருவர் பாதியாவது பழகியிருக்க வேண்டும். ஜூன் 21-க்குப் பிறகு உங்களுக்கே தெரியும்.

எல்லை 45 மீட்டர் என்றதையும் இப்போது 50 ஆக்கலாம். உங்களில் நால்வர் அந்தத் தூரத்திலிருந்து ஸ்டம்புக்கு எறிகிறார்கள். எட்டுப் பந்து விதியை விட்டுவிடுங்கள், கடைசி இரண்டு ஆட்டத்தின் ஸ்கோரில் வைடு 11, 9 என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். லாங் ஸ்டாப்பையும் ஸ்பின்னுக்கு எடுத்துவிடலாம், மீடியம் பேஸுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

புதிதாக ஐந்து பேர் வருகிறார்களாம், இரண்டாவது அணி பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 22 பேரை இரண்டாகப் பிரித்தால் ஞாயிறு காலை இரண்டு இடத்திலும் எட்டெட்டு பேர் நிற்பார்கள். 30 வரட்டும். அதுவரை ஒரே அணி, இரண்டு வாரத்துக்கு ஒரு உள் ஆட்டம்.

பொங்கலுக்கு முன் பந்து ஆறு வாங்கிவிடுங்கள், 142 கிராம். புது பந்தை வலையில் எடுக்காமல் ஆட்டத்துக்கு மட்டும் வைத்து, ஆடி முடித்ததை வலைக்கு இறக்கினால் மார்ச் வரை வரும். பாயை ஜனவரி முதல் ஞாயிறு விரித்துப் பார்த்துவிட்டு எங்கே எழும்பியிருக்கிறது என்று இங்கே போட்டோ போடுங்கள்.